மூன்று ஞாயிறுகள்

“போனையே பார்த்துட்டு இருக்கீங்களேம்மா, யார்கிட்டயிருந்தாவது வரணுமா?” வாஷிங் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டே மெக்கானிக் கேட்டார்.

“வந்தா நல்லாயிருக்கும்” என்றாள் அவள்.

கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் இருப்பது கண்காணாத தூரத்தில். வீட்டில் அவளோடு சத்தம் போட்டுப் பேசுகிற ஒரே ஜீவன் அந்த மெஷின்தான். அதுவும் நேற்று வாயை மூடிக்கொண்டது.

மெக்கானிக் சுவரில் தொங்கிய, சர்ச் பெயர் போட்ட பைபிள் வசனக் காலண்டரைப் பார்த்தார். “அட, நீங்களும் நம்ம சபைதானா? பார்த்ததே இல்லையே!”

“நான் கடைசி பெஞ்சு தம்பி. யாருக்குத் தெரியும்?” “மூணு ஞாயிறா நான் போகல. ஏன் வரலைன்னு ஒருத்தர் கேட்கல.”

“கேட்பாங்களே! மூணு வாரம் வரலைன்னா, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு சபையிலிருந்து போன் வருமே?”

“தெரியும். இன்னிக்கு சனிக்கிழமை. மணி அஞ்சே கால்.”

மெக்கானிக் பெல்ட்டை மாட்டினார்.

“எனக்குப் பாட வராது. நாலு பேர் முன்னாடி ஜெபம் பண்ணச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும். ‘ஆண்டவர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கார், ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை வெச்சிருக்கார்’னு பாஸ்டர் சொல்றப்பல்லாம், என்னை மட்டும் சும்மா ஆள் கணக்குக்குச் சேர்த்துட்டாரோன்னு இருக்கும். அதான், நான் இல்லைன்னா யாருக்காவது தெரியுதான்னு பார்த்தேன்.”

“ஆண்டவருக்கே பரீட்சை வெச்சுட்டீங்க!” என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் என் சம்சாரம் என்னை விட்டுப் போனப்ப, சபைப் பக்கமே நான் தலைகாட்டல. ஒரு சிஸ்டர் போன் பண்ணாங்க. புத்திமதி எல்லாம் சொல்லல. ‘மூணாவது பெஞ்சுல உங்க இடம் காலியா இருக்கு பிரதர், யாரும் உட்காரல’ன்னாங்க. அவ்வளவுதாம்மா. போனை வெச்சுட்டு ஓன்னு அழுதேன். அது வரலைன்னா, இன்னிக்கு நான் இருந்திருக்கவே மாட்டேன்.”

“யாருன்னு கேட்டீங்களா?”

“கேட்கத் தோணல.” அவர் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டார். “இப்ப மறுபடியும் மனசு சோர்ந்துபோய், நானும் மூணு வாரமா போகல. அந்த போன் வரும் வரும்னு பார்க்கிறேன். என்னையும் மறந்துட்டாங்க போல.”

மெஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவர் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். சபைக்கு வராதவர்களின் பெயரும் நம்பரும் எழுதிய, மூன்று வாரமாகத் தொடாத நீல நோட்டு உள்ளே கிடந்தது. சனிக்கிழமை போன்களைத் தான் விட்டுவிட்டால் வேறு யாராவது கூப்பிடுவார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பக்கங்களைப் புரட்டினாள். அவளுடைய கோணல் கையெழுத்தில் அந்த வரி இருந்தது: ‘வாஷிங் மெஷின் பிரதர், மூணாவது பெஞ்சு.’

படியில் பாதி இறங்கியிருந்த மெக்கானிக்கின் போன் ஒலித்தது.

“பிரதர், சபையிலிருந்து பேசுறேன். மூணாவது பெஞ்சுல உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு.”