உள் டயர்

கிளாரன்ஸ் இரும்புத் தடியால் லாரியின் பின் டயரை ஒரு தட்டு தட்டினார். குனிந்து காதைக் கொடுத்தார்.

"கிண்ணுனு கீது. சாவியக் குடும்மா, கெளம்பறேன்."

தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் அவர் பார்த்த வேலை இதுதான். கீழே இறங்கியதும் தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் வேலை. பொத்தென்றால் ஓட்டம். சுரங்கத்தை மூடி மூன்று மாதமாகிறது. தட்டும் பழக்கத்தை மூடச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

இப்போது அவர் நந்திதுர்க்கில் ஆர்தர் ஒர்க்‌ஷாப் டிரைவர். பாதி வழியில் படுத்துவிட்ட வண்டிகளை இழுத்து வரும் லாரி, ஊருக்கு இது ஒன்றுதான்.

முதலாளி ஆர்தர் காலையிலேயே மாரிகுப்பம் போய்விட்டார். சாவி அவர் மகள் தெரசாவிடம் இருந்தது. அவள் தருவதாக இல்லை.

"வெளி டயரத் தட்டினா உள் டயர் எப்டி மாமா பதில் சொல்லும்?"

பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். வெளியே இருப்பதை ஊரே பார்க்கும். உள்ளே இருப்பது யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஓடுவதுபோல் நடிக்கும்.

தெரசா லாரிக்கு அடியில் படுத்து, தோள்வரை கையை விட்டு, காற்று பார்க்கும் மீட்டரை வைத்தாள். தொண்ணூறு பவுண்டு இருக்கவேண்டிய இடத்தில் நாற்பது காட்டியது.

கிளாரன்ஸ் கலங்கவில்லை. "அது ஸ்டெப்னிம்மா. வெளிய கீறது வெடிச்சா உள்ள கீறது தாங்கிக்கும். அதுக்குத்தானே ரெண்டு உட்டுக்கீறான்?"

ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள். மீதிப்பேர் லாரி ஓட்டுவதில்லை.

"உள்ளது சும்மா குந்தினு வரும் மாமா. ரெண்டு பேர் சுமைய வெளி டயர் ஒண்டியா தூக்கும். சூடாவும். எறக்கத்துல வெடிக்கும். ஹூக்குல மாட்டன வேன் அப்பறம் உங்களயும் இஸ்துனு பள்ளத்துல போவும்."

இழுத்து வரவேண்டிய வேன் பங்காரப்பேட்டை ரோட்டில், மேட்டின் உச்சியில் நின்றிருந்தது. அச்சு உடைந்துவிட்டதாம். உள்ளே மாப்பிள்ளையும் அவர் வீட்டுக்காரர்களும். பதினொரு மணிக்கு மாரிகுப்பம் சர்ச்சில் கல்யாணம்.

"அப்போ எறங்கி நடந்து வரச் சொல்லலாம்" என்றார் கிளாரன்ஸ்.

"பட்டுப்பொடவ கட்டினு எவ நடப்பா இந்த வெயில்ல? வேன்லதான் குந்தினு வருவாங்க."

கரெண்ட் இல்லை. கம்ப்ரெஸ்ஸர் மூலையில் பென்ஷன் வாங்கியதுபோல உட்கார்ந்திருந்தது. நிஜ ஸ்டெப்னியில் எண்பது பவுண்டு இருந்தது. குழாய் மாட்டி அதிலிருந்து காற்றை இறக்கினார்கள். இரண்டும் அறுபதில் சமமானதும் ஸ்டெப்னி தர்மத்தை நிறுத்திக்கொண்டது.

மிச்சத்துக்குக் கைப்பம்பு.

முதலில் கிளாரன்ஸ் அடித்தார். கொஞ்ச நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு, தன் ஷிஃப்ட் முடிந்துவிட்டதாக அறிவித்தார். தெரசா பம்பை வாங்கினாள்.

எழுபதுக்கு மேல் காற்றுக்கு வீம்பு வந்துவிடுகிறது. அழுத்தினால் கைப்பிடி திருப்பி அழுத்தியது. அவள் மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டு இறக்கினாள். கூந்தல் அவிழ்ந்து முகத்தில் ஒட்டியது. ஒதுக்க ஒரு கையை எடுத்தால் பம்பு ஜெயித்துவிடும் என்பதால் அப்படியே விட்டாள்.

வீட்டு ஜன்னலில் சித்தி ஃப்ளோராவின் தலை தெரிந்தது. "அடியே! மணி இன்னா ஆவுது தெரியுமா? சர்ச்சுக்கு வரப்போறியா, இல்ல அந்த டயரக் கட்டினு அழப்போறியா?"

தெரசா கைப்பிடியை இன்னொரு தடவை இறக்கினாள்.

எண்பது.

"போதும்மா" என்றார் கிளாரன்ஸ். "எம்பதுல எவ்ளோ லாரி ஓடுது."

"ஓடட்டும். இது தொண்ணூறுல ஓடும்."

"கல்யாணம் லேட்டாவுது."

"கல்யாணம் லேட்டானா யாரும் சாவ மாட்டாங்க மாமா."

சுரங்கத்தில் இப்படி ஒரு மேஸ்திரி வாய்த்திருந்தால் கிளாரன்ஸ் அவளைத் தினமும் திட்டியிருப்பார். தினமும் முழு உடம்போடு மேலே வந்துமிருப்பார்.

எண்பத்தைந்து. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். கிளாரன்ஸ் தடியை ஓரமாக வைத்துவிட்டு, பம்பு நகராமல் அதன் அடிக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூறு.

அதோடு விட்டாளா? சுற்றிப்போய் அந்தப் பக்கத்து உள் டயருக்கும் மீட்டரை வைத்தாள். அது நல்ல பிள்ளை. பிறகுதான் சாவி வந்தது.

கிளாரன்ஸ் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். லாரி உறுமியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மாப்ளய பதமா இஸ்துனு வரேன், கவலப்படாத. நீ ஓடிப்போயி குளிச்சிட்டு வெள்ளப் பொடவயக் கட்டு. இப்டியே போயி நின்னா ஃபாதர் உன்னத்தான் மாப்ளன்னு நெனச்சுக்குவாரு."

லாரி வாசல் மேட்டில் ஏறி, இறங்கி, திரும்பியது.

தெரசா கையை விரித்துப் பார்த்தாள். கொப்புளம் சரியாக மோதிர விரலில் வந்திருந்தது.