மேகத்துக்கு முன்னால் தலைவர்

"சார், மேகமும் ஒளிவட்டமும் அஞ்சலிப் படத்துக்குத்தான் வைப்போம். உயிரோட இருக்கறவங்க யாரும் கேக்கறதில்ல," என்று ஸ்டுடியோப் பெண் அப்போதே சொன்னாள். குடியிருப்புச் சங்கத் தலைவர் தில்லைநாயகம் கேட்டால்தானே? "புத்தக அலமாரியெல்லாம் வக்கீலுக்கு வைம்மா. எனக்கு ஒரு தெய்வீகம் வேணும்," என்று கைகூப்பி நின்றார்.

படம் அடையாள அட்டையில் ஏறியது. பின்னணியை வைத்தே ஆளை எடைபோடும் அரசுக் கணினி, அவரை அமரர் பட்டியலில் சேர்த்துவிட்டது. அட்டையைக் காட்டினால்தான் நகரும் லிஃப்ட் அவரை ஏற்றவில்லை. ஒன்பது மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்தால், வீட்டு வாசலில் ஃப்ரீசர் பெட்டியோடு இரண்டு பேர்.

"பாடி எங்கம்மா?" என்று அவர் மனைவி பூங்கோதையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், நான்தான்யா அது!"

"அப்ப ஏறிப் படுங்க சார். ஆறு மணிக்கு மயானத்துல ஸ்லாட்."

"பூங்கோதை, பின்னணியை மாத்துடி!" குரல் கீச்சென்று வந்தது. செத்தவர் பின்னணியை வாரிசுதான் மாற்ற முடியும். அதற்கும் ஒரே நிமிடம்தான் அவகாசம். அவள் கைபேசியில் 'பின்னணியை மாற்று', 'மரணத்தை உறுதி செய்' என்று இரண்டு பொத்தான்கள் மின்னின.

பூங்கோதை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, முப்பது வருஷத்துல உங்களை இவ்வளவு சாந்தமா நான் பாத்ததே இல்ல."

விரல் இன்னும் இறங்கவில்லை. பெட்டிக்காரர் மூடியைத் திறந்து பிடித்தார். ஜில்லென்ற காற்று தலைவரின் முழங்காலில் பட்டது.