பார்வை நேரம்

ஐசியூவின் கண்ணாடிக் கதவில் முகம் பார்த்து, நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டாள் தமிழ்ச்செல்வி. சேலைத் தலைப்பைக் கழுத்து மறையப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி கவிழ்ந்ததில் அடிபட்ட டிரைவர் ஜெகதீஸ்வரனுக்குத் தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. நர்ஸ் கனிஷ்கா எழுத்து அட்டையை அவன் முன்னால் பிடித்தாள். அவன் விரல் மெதுவாக ஊர்ந்து, தினமும் கேட்கும் அதே பெயரைக் காட்டியது. குழந்தைவேல். லாரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன்.

“அவருக்குக் கால்ல கட்டுப் போட்டிருக்குதுங்கண்ணா. நடக்க முடியாம ஊட்டுலயே இருக்காரு,” என்றாள் தமிழ்ச்செல்வி. “உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க கவலப்படாம தேறி வாங்க.”

மானிட்டரில் எகிறிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு மெல்ல நிதானத்துக்கு வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வெளியே வந்ததும் கனிஷ்கா சொன்னாள்: “அந்தக் குழந்தைவேலை வீல்சேர்லயாவது ஒருநாள் கூட்டிட்டு வாங்கக்கா. நேர்ல பாத்தா உங்கண்ணன் சீக்கிரம் தேறிருவாரு.”

தமிழ்ச்செல்வி கழுத்தைப் போர்த்தியிருந்த சேலைத் தலைப்பை விலக்கினாள்.

“இவரு கூடப்பொறந்தவரு இல்லீங்க சிஸ்டர். நீங்க பேர் சொன்னவருதான் என்ற ஊட்டுக்காரரு. லாரி கவுந்த எடத்துலயே போயிட்டாரு. நாளைக்குக் கருமாதி. குழாய எடுக்கற வரைக்கும் இவருக்குத் தெரிய வேண்டாமுங்க.”

நெற்றிப் பொட்டை உரித்து, விசிட்டர் பாஸின் பின்பக்கம் பத்திரமாக ஒட்டிக்கொண்டாள்.

“காரியத்த முடிச்சுட்டு, பார்வை நேரத்துக்கு வாரேனுங்க.”