பின்னங்காலுக்கு அரைச் சம்பளம்

"ஒரே குதிரை சார். முன்பக்கத்துக்கு முழுச் சம்பளம், பின்பக்கத்துக்கு மட்டும் அரைச் சம்பளமா? இது எந்த ஊர் நியாயம்?"

பொம்மைக்கடை முதலாளி அசரவில்லை. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அசர்ந்தால் கடை நடத்த முடியாது என்பது அவர் கொள்கை.

கடை வாசலில் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட ஒரு துணிக் குதிரை உண்டு. அதற்குள் இரண்டு பேர். தலையை மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பவர் முன்னங்கால். அவருக்குப் பின்னால் முதுகை வளைத்துக் குனிந்தபடியே நடக்கும் பெண் பின்னங்கால். முதலாளி வைத்த பேர்தான்.

"இருபத்தொரு வயசு ஆகணும்மா. அதுக்குக் கீழே இருந்தா அரைச் சம்பளம். அதான் சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

"பத்தொன்பதுன்னு உண்மையைச் சொன்னதுக்குத் தண்டனையா சார்? ஹாஸ்டல்ல வாடகையை ஏத்திட்டாங்க. சின்னப் பொண்ணுதானேன்னு அரை வாடகையா வாங்குறாங்க? இந்த மாசமும் இதே சம்பளம்னா நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குத்தான் போகணும்."

"சம்பளம் காலுக்கு இல்லம்மா, அனுபவத்துக்கு. முன்னங்காலைப் பாரு. என்ன நிதானம், என்ன கம்பீரம்!"

கம்பீரம் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பளபளவென்று வழுக்கை. அளவான தொப்பை. தடிமனான கண்ணாடி.

"அண்ணே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

அவர் குதிரைத் தலையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுச் சம்பளம் வாங்குகிற வாய் எப்படித் திறக்கும்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 'ம்', 'ம்ஹூம்' தவிர அந்த மனுஷன் அவளிடம் ஒன்றும் பேசியதில்லை. ஒருநாள் "பிள்ளைங்க எத்தனைண்ணே?" என்று கேட்டதற்கும் 'ம்ஹூம்'தான். பாவம், இந்த வயசிலும் தனிமரம் என்று அன்றைக்கு உருகினாள். அந்த உருக்கத்தை எல்லாம் இப்போது மொத்தமாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வாசலுக்குப் போவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அரைச் சம்பளத்துக்கு அரை வேலை.

குதிரையின் முன்பாதி நடந்தது. பின்பாதி சப்பென்று தரையில் உட்கார்ந்தது. நடுவில் துணி இழுபட்டு, குதிரைக்கு முதலை உடம்பு வந்தது.

"அம்மா, குதிரை கக்கா போகுதும்மா!" என்று கத்தியது ஒரு குழந்தை.

அவ்வளவுதான். தெருவில் போன கூட்டமெல்லாம் கடை வாசலில் நின்றது. செல்போன்கள் உயர்ந்தன. கல்லாவில் இருந்த முதலாளியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் முதலாளி, சிரிக்காமல் வந்தார்.

"எழுந்திரு! மானம் போகுது!"

"அரைச் சம்பளம் தீர்ந்துபோச்சு சார். மீதி நாளைக்கு," என்றது குதிரையின் வயிறு.

"அது என்ன சார் அரைச் சம்பளம்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

கூட்டத்தைப் பார்த்தால் முதலாளிக்குப் பேச்சு வந்துவிடும்.

"நீங்களே சொல்லுங்க. முன்னங்கால் நடக்குற நடையைப் பாருங்க. இது வயசு குடுத்த நடை! இருபத்தொண்ணு ஆகாத ஒரு ஆளு இப்படி நடந்து காட்டட்டும், என் கடையில சின்னவங்க பெரியவங்க எல்லாருக்கும் முழுச் சம்பளம் தர்றேன்!"

குதிரைத் தலை சட்டென்று திரும்பியது.

"நிஜமாவா சார்?"

முன்னங்கால் இவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். மாற மாட்டேன்!"

"நான் சாட்சி," என்றார் முதலாளியம்மா.

முன்னங்கால் நிமிர்ந்தார். பின்பாதியை இழுத்துக்கொண்டே வாசலை ஒரு சுற்றுச் சுற்றினார். உண்மையிலேயே நல்ல நடைதான். கூட்டம் கைதட்டியது. பிறகு தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நடந்துட்டேன் சார். இவங்களுக்கு முழுச் சம்பளம் போட்டுடுங்க."

"நீ நடந்தா எப்படிய்யா? சின்ன வயசு ஆளு நடக்கணும்."

"எனக்கு இன்னும் பத்தொன்பதே ஆகலை சார்."

முதலாளி வழுக்கையைப் பார்த்தார். வழுக்கையும் அவரைப் பார்த்து மினுங்கியது.

"அப்போ இந்தத் தலை?"

"எங்க குடும்பத்துல மீசை முளைக்கும்போதே முடி கொட்டிடும் சார்."

"சேரும்போது ஏன்யா சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார். தலையைப் பார்த்தீங்க. 'உக்காருங்க'ன்னு நாற்காலி போட்டீங்க. முழுச் சம்பளம்னு சொன்னீங்க."

முதலாளி திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் முழுச் சம்பளம். கல்லாச் சாவி என்கிட்டதான் இருக்கு," என்றார் முதலாளியம்மா.

பின்னங்கால் துணியை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அவர் பேச்சு மாறியிருந்தா உங்க சம்பளமும் பாதியாகியிருக்குமேண்ணே! இத்தனை நாள் வாயே திறக்காம எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தீங்க?"

முன்னங்கால் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான்.

"திறந்தா, உங்களை அக்கான்னு கூப்பிட்டு மாட்டிக்குவேனோன்னு பயந்துதான் இருந்தேன், அக்கா!"