ஒரு நட்சத்திரம் அதிகம்

"அம்மா, மணி கீரை சாப்ட்டு நட்சத்திரம் வாங்கிட்டான். எனக்கும் கீரை போடு!"

பூங்கொடிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கீரையைக் கண்டாலே ஓடும் மகிழினி, கைப்பேசியில் அப்பா போட்டுக் கொடுத்த, சாப்பிட்டதை அமுக்கினால் நட்சத்திரம் தரும் குழந்தைகள் செயலியால்தான் மாறியிருந்தாள். ஆனால் யார் இந்த மணி?

"அவனை நேர்ல பாத்திருக்கியாடி?"

"இல்லம்மா, போட்டோ மட்டுந்தான்."

கணவருக்கு ஓசூர் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட். அவர் கிளம்பும்போது மகள் பள்ளியில் இருப்பாள், திரும்பும்போது தூங்கியிருப்பாள். முன்பின் தெரியாத எவனோ குழந்தையோடு பழகுவதை அவர் எங்கே கவனிக்கப்போகிறார்? செயலியை அழித்துவிடக் கைப்பேசியை வாங்கினாள்.

மங்கிப்போன பழைய படத்தில் ஊத்தங்கரைப் பள்ளிச் சீருடையில் ஒரு பொக்கைவாய்ப் பையன். சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. பூங்கொடியோடு இரண்டாம் வகுப்பு படித்தபோது தேன்மிட்டாயைக் கடித்து அவளுக்குப் பாதி கொடுத்தவன்! பூங்கொடி சிரித்துக்கொண்டே கைப்பேசியை மகளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போனபிறகே எழுந்த கணவர் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் கீரையை அள்ளி வைத்தாள்.

"காலையிலயேவா? நேத்து கேன்டீன்லயும் கீரைதான் தின்னேன் பூங்கொடி."

"தெரியும் மணி. நட்சத்திரம் விழுந்துச்சே!"

அவர் அசடு வழிந்தார்.

"நெசமாவே தின்னீங்களா, சும்மா அமுக்கி விட்டீங்களா?"

"பாப்பாகிட்ட அழுகுணி ஆட்டம் ஆடுவனா? அவகூட வெளையாட எனக்கு அது ஒண்ணுதான இருக்கு?"