பதினொரு கழுத்துப்பட்டைகள்

கடைசிச் செந்நாயையும் புதைத்து ஒன்பது நாளாகிவிட்டது. காட்டில் எஞ்சியிருந்த பதினொன்றும் ஒரே மாதிரிதான் செத்தன. வெறும் வாயை மென்றபடி, பல்லோடு பல் மோத, டக் டக்கென்று. ஊர் நாய்களிடமிருந்து தொற்றிய நோய். கால்நடை டாக்டர் அவற்றின் ரேடியோ கழுத்துப்பட்டைகளைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, அலமாரியில் பூட்டினாள். பிறகு ஊரில் ஒரு நாய் விடாமல் ஊசி போட்டு, போட்டதற்கு அடையாளமாக முதுகில் நீலச் சாயம் பூசினாள்.

இன்று காலை, சிக்னல் கேட்கும் ஊழியர் பழக்கதோஷத்தில் கருவியை ஆன் செய்தார். பேயறைந்தவர் போல எழுந்து வந்தார்.

"மேடம், பதினொண்ணும் சிக்னல் குடுக்குது."

"விளையாடாதீங்கண்ணே. அதுல பேட்டரியே இல்லை."

"அலமாரியத் திறந்து பாத்துட்டேன். பட்டையெல்லாம் உள்ளதான் இருக்கு. ஆனா சிக்னல் உங்க வீட்டுப் பக்கமிருந்து வருது."

கருவியோடு ஜீப்பில் கிளம்பினாள். தெருவுக்குத் தெரு கருவியின் டக் டக் சத்தம் கூடியது. நீல முதுகு நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

வாசலில் கணவன் நின்றிருந்தான். "நல்லவேளை வந்துட்டே. நம்ம பய ரெண்டு நாளா சாப்பிடல."

அவர்களுடைய நாய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் மட்டும் நீலம் இல்லை. வெளியே போகாத பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று அவள்தான் விட்டுவிட்டாள்.

காட்டைப் பார்த்த வேலிக்கு அடியில், நாய் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். பழைய பள்ளம். விளிம்பில் புல் முளைத்திருந்தது.

கருவியை அணைத்தாள்.

டக் டக் சத்தம் நிற்கவில்லை. நாய் அவளைப் பார்த்து வாலாட்டியபடி வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது.