முன்னமே தெரிந்தவள்

"எனக்கென்ன விசரா தம்பி? கண்ணால கண்டதைத்தான் சொல்றன்."

பேர்னாட் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே முக்காலியில் ஒரு போன். அதற்குப் பின்னால் யூடியூப் சனல் நடத்தும் சுதாகரன்.

பேர்னாட் மட்டக்களப்பில் ஓட்டோ ஓட்டுபவர். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளிலிருந்து ஓட்டோவை விட அவருடைய வாய்தான் அதிகம் ஓடியது. எல்லாம் அரசாங்கத்தின் வேலை, தங்கள் ஆட்களுக்கு முன்னமே சொல்லிவைத்தார்கள், அது அப்படியே வீடு வீடாகக் கசிந்தது என்பார். அந்தக் கதையைக் கேட்காமல் அவருடைய ஓட்டோவில் இருந்து இறங்கியவர் எவருமில்லை.

"ஆதாரம் ஏதும் இருக்கா அண்ணன்?"

"பக்கத்து வீட்டு ஹஸீனா." பேர்னாட் குரலைத் தாழ்த்தினார். ஊருக்கெல்லாம் போகப்போகிற வீடியோவில் எதற்கு இரகசியம் என்று அவருக்குத் தோன்றவில்லை. "அண்டைக்கு விடிய நான் பாசிக்குடாவுக்கு ஆக்களை ஏத்திட்டு ஹயர் போயிட்டன். மனிசி மார்கிறட் மட்டும் ஆராதனைக்கு வெளிக்கிட்டவ. ஹஸீனா அவவைப் பிடிச்சு, 'நில்லுங்க அக்கா, இப்ப போகாதீங்க' எண்டு தன்ட வீட்டில வச்சிருந்தவ. அந்த நேரம்தான் வெடிச்சது. நான் விழுந்தடிச்சு வந்து பாக்கிறன், மார்கிறட் அவட குசினி அடுப்படியில நிக்கா. 'நான்தான் போகவிடல்ல' எண்டு ஹஸீனா தன்ட வாயாலயே சொன்னவ. அவக்கு எப்பிடித் தெரியும்?"

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்தது போலிருந்தது சுதாகரனுக்கு.

"அவட மகன் ரிஸ்கான் கட்டாருக்குப் போகப்போறானாமே?"

"போகட்டும் பாப்பம். இது வெளிய வந்தா முதல்ல விசாரணைக்குத்தான் போவான்."

தேநீரோடு வந்த மார்கிறட் கதவடியிலேயே நின்றுவிட்டார். அந்த நாளைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. அவர் சொன்னதுமில்லை, இவர் கேட்டதுமில்லை.

"இதைத்தான் இவ்வளவு காலமும் ஓட்டோ ஸ்டான்டில சொல்லித் திரிஞ்சீங்களா?"

"நடந்ததைச் சொன்னன்."

"என்ன நடந்தது எண்டு என்னட்ட ஒருக்காவது கேட்டீங்களா?"

மார்கிறட் தட்டத்தைக் கீழே வைத்தார்.

"மனே, போனை நிப்பாட்டாத. நானும் சொல்றன். அந்தத் தவக்காலம் முழுக்க இந்த மனிசன் இனிப்பே வாயில வைக்கல்ல. ஹஸீனாட வட்டிலப்பம் எண்டா இவருக்கு உயிர். ஹயர் முடிஞ்சு வந்ததும் சாப்பிடட்டும் எண்டு நான்தான் அவளிட்டச் செய்யச் சொன்னனான். அதை எடுத்து வீட்டில வச்சிட்டு ஆராதனைக்குப் போவம் எண்டு போனா, இன்னும் இறுகல்ல. 'நில்லுங்க அக்கா, இப்ப போகாதீங்க, கொஞ்சத்தில இறுகிரும்' எண்டாள். நிண்டன். அவ்வளவுதான்."

"அதை ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ல? ஆராதனையில என்னோட பாட்டுப் படிச்ச சுஜீவா போயிட்டாள். அவட பிள்ளையும் போயிட்டு. நான் வட்டிலப்பத்தால உயிரோட இருக்கிறன் எண்டு ஆரிட்டச் சொல்ல?"

அத்தனை பெரிய சாவுக்கும் தன் மனைவிக்கும் நடுவில் மலைபோல ஏதோ நின்றிருக்கவேண்டும், ஒரு அரசாங்கம் அளவுக்குப் பெரிய ஏதோ ஒன்று என்றுதான் பேர்னாட் நம்பியிருந்தார். நின்றதோ ஒரு சட்டி வட்டிலப்பம். எந்தச் சதியையும் விட இது பயமாக இருந்தது. கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

சுதாகரன் இலேசில் விடுவதாயில்லை. "அப்ப மேலிடத்துக்கு ஒண்டுமே தெரியாது எண்டுறீங்களா அக்கா?"

"எனக்கு எப்பிடி மனே தெரியும்? அதை வழக்குப் பேசுறவங்க கேட்கட்டும். நானும் பதிலுக்குத்தான் காத்திருக்கிறன். அதுக்காக மதிலுக்கு அங்கால இருக்கிறவளை இழுக்கிறதா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஹஸீனா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். எல்லாம் கேட்டிருக்கும். பேர்னாட் எழுந்து மதிலடிக்குப் போனார்.

"ஹஸீனா, நான் சொல்லித் திரிஞ்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணன். ரிஸ்கான் ஸ்டான்டில கேட்டுட்டு வந்து அழுதவன். அக்காட காதில போட்டுராத எண்டு நான்தான் தடுத்தனான். அவ தப்பினதை வச்சு உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரவா?"

"வட்டிலப்பம் இறுகல்ல, அதாலதான் நிப்பாட்டினன் எண்டு என்னட்டயாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, ஏன் இறுகல்ல எண்டு கேப்பீங்க. அதைச் சொல்லி உங்களைக் குத்திக்காட்ட மனம் வரல்ல."

"ஏன் இறுகல்ல?"

ஹஸீனா தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"முதல் நாள் என்ட வெறும் காஸ் சிலிண்டரை மாத்தித் தாறன் எண்டு ஓட்டோவில ஏத்திப் போனீங்க. ஸ்டான்டில கதையில இருந்துபோட்டு, கடை பூட்டின பிறகு அப்பிடியே கொண்டுவந்து இறக்கினீங்க. விடிய எழும்பி ஈரத் தேங்காப் பொச்சுமட்டையை அடுப்பில வச்சு ஊதி ஊதித்தானே அண்ணன் அவிச்சனான்."